ரோசாப்பூ துரை: நீதிமன்றக் கதவைச் சாத்திய சட்டமும் ஒரு மதுரை வக்கீலும்

உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர் வீடுகளில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைக்கிற வழக்கம் உண்டு. பூவை நினைத்து வைத்த பெயரல்ல. ஒரு வக்கீலை நினைத்து வைத்தது. அவர் கள்ளர் இல்லை, இந்து இல்லை, பிறப்பால் தமிழரும் இல்லை. திருவிதாங்கூர்ச் சீமையில் செங்கன்னூரில் 1887 ஜூன் 5 அன்று பிறந்த சிரியன் கிறிஸ்தவர். பெயர் ஜார்ஜ் ஜோசப். மதுரைக்கு வந்து வக்கீல் தொழில் பார்த்தார், மதுரையிலேயே 1938 மார்ச் 5 அன்று கண்ணை மூடினார். அப்போது அவருக்கு 50 வயதுதான்.

மதுரை யானைக்கல்லில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிம்மக்கல்லிலிருந்து வைகைப் பக்கம் இறங்குகிற யாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ் நெரிசலில் நின்றபடி பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் யாரென்று தெரியும் என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன். தெரிந்தவர்களும் ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள்: "ரேகைச் சட்டத்தை எதிர்த்த வக்கீல்." ரேகைச் சட்டம் என்பது குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு நம் ஊர்ப் பெயர். வரி சரிதான். ஆனால் அந்த வரிக்குள் இருக்கிற கஷ்டம் அதில் தெரியாது. அவர் எதிர்த்தது, வக்கீலுக்கு வேலையே இல்லாமல் எழுதப்பட்ட ஒரு சட்டத்தை. அதை அவரால் உடைக்கவும் முடியவில்லை. அவர் இறந்து 9 வருடம் கழித்துத்தான் அது போனது. அப்படியிருந்தும் ஒரு சனம் அவர் பெயரைத் தன் பிள்ளைகளுக்கு வைத்தது என்றால், அந்தச் சட்டம் என்ன செய்தது என்று தெரிந்தால்தான் அதற்கு அர்த்தம் புரியும்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். கோட்டில் எப்போதும் ஒரு ரோஜாப்பூ குத்தியிருப்பார், அதனால் ரோசாப்பூ துரை என்று சொல்வாரும் உண்டு. எனக்கு இன்னொரு விளக்கம்தான் மனதுக்குப் பிடிக்கிறது. ஜோசப் என்ற பெயரை நம் கிராமத்து நாக்கு அப்படியே சொல்லாது. கடைசியில் உகரம் சேர்ந்து ஜோசப்பு ஆகும். ஜோசப்புக்கும் ரோசாப்பூவுக்கும் எவ்வளவு தூரம்? மொழி தெரியாத ஊர்க்காரர்கள் வாய் தவறிச் சொன்னதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தனக்கு வேண்டியவனுக்குத் தன் வாய்க்கு வசதியாகப் பெயர் வைப்பது நம் ஊர்ப் பழக்கம். 'துரை' என்பது மரியாதை. கோட்டுப் போட்டவர், சீமையில் படித்தவர்.

சீமையில் நன்றாகவே படித்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு எடின்பரோவுக்குப் போய்த் தத்துவத்தில் எம்.ஏ. வாங்கினார். லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் முடித்து பாரிஸ்டர் ஆனார். 1909 ஜனவரியில் ஊர் திரும்பினார். முதலில் சென்னை, அப்புறம் மதுரை. அந்தக் காலத்து பாரிஸ்டர் ஒருவர் மதுரையில் சௌகரியமாக வாழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். ஜமீன் வழக்குகளுக்கும் மடத்து வழக்குகளுக்கும் கோயில் சொத்து வழக்குகளுக்கும் இங்கே என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை. கட்சிக்காரர்கள் தேடி வருவார்கள், ஃபீஸும் நிறைய. இவரோ ஃபீஸ் கொடுக்க முடியாதவர்கள் பக்கம் போனார்.

இனி சட்டத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் 1871-இல், வட இந்தியப் பகுதிகளுக்காக வந்தது. 1911-இல் அதைத் திருத்தி எழுதி விரிவாக்கியபோது சென்னை மாகாணமும் அதற்குள் வந்தது. மதுரைச் சீமையில் முதலில் மாட்டிய ஊர் கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்தில், தாமரைக் குளமும் அய்யனார் கோயிலுமாக இன்றைக்கு எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிற அதே ஊர்தான். 1914-இல் அந்த ஊர்க் கள்ளர்கள் குற்றப் பரம்பரையாக அறிவிக்கப்பட்டார்கள். 1918-இல் அது பிறமலைக் கள்ளர் முழுமைக்கும் விரிந்தது. எட்டு நாடு, இருபத்து நாலு உபகிராமம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற ஒரு மக்கள் கூட்டமே பிறப்பால் குற்றவாளி என்று அரசிதழில் ஏறியது.

எப்படி ஏறியது என்பதுதான் முக்கியம். ஒரு கூட்டத்தார் ஜாமீனில் விட முடியாத குற்றங்களைத் தொடர்ந்து செய்யும் பழக்கம் உள்ளவர்கள் என்று நம்புவதற்கு மாகாண அரசுக்குக் காரணம் இருந்தால் போதும். சாட்சி வேண்டாம், விசாரணை வேண்டாம். அறிவிப்பு வெளிவந்தவுடன் கலெக்டர் மூலம் பதிவேடு தொடங்கும். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்துக்கு வந்து பெயர், குடும்ப விவரம் சொல்லி, பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். வராவிட்டால் குற்றம். வந்து விவரம் சொல்ல மறுத்தாலும் குற்றம். ரேகை வைக்க மறுத்தாலும் குற்றம். நம் ஊரில் இந்தச் சட்டத்துக்குக் 'குற்றப் பரம்பரைச் சட்டம்' என்ற பெயரைவிட 'ரேகைச் சட்டம்' என்ற பெயர்தான் நிலைத்தது. விரலில் மை பட்டவர்கள் வைத்த பெயர் அது.

பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டால், குறித்த நேரத்தில் போலீசிடமோ கிராமத்து அதிகாரியிடமோ ஆஜராக வேண்டும். இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டும், இடம் மாறினால் சொல்ல வேண்டும், ஒரு ராத்திரி வெளியூரில் தங்குவதென்றாலும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு என்கிற அனுமதிச் சீட்டு வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவனும் ராத்திரி கண்காணிப்புக்காக ஊர்ச் சாவடியில் போய்ப் படுத்தான், கிழவனும் படுத்தான். ஊரில் கண்மாய்க் கரைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவன், மகள் ஊரில் கேதம், அதாவது சாவு, என்று ஓடுகிறவன், சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவன் — ஒரு சம்சாரியின் வாழ்க்கையில் ராத்திரி நடமாட்டம் இல்லாமல் எது நடக்கும்? அத்தனையும் குற்றமாகும் வாய்ப்பு இருந்தது.

தண்டனைப் பகுதி இன்னும் கொடுமை. சட்டத்தின் அட்டவணையில் சொன்ன குற்றங்களில் ஒன்றுக்காக இரண்டாவது முறை தண்டனை பெறுகிறவன், குற்றப் பரம்பரையில் சேர்ந்தவனாக இருந்துவிட்டால், ஏழு வருடத்துக்குக் குறையாமல் சிறை. மூன்றாவது முறை என்றால் ஆயுள் முழுக்க நாடு கடத்தல். அதே களவை அதே இடத்தில் செய்த வேறு சாதிக்காரனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. இதோடு, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துத் தனிப் பள்ளிகளில் வைக்கவும் அரசுக்கு அதிகாரம் இருந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'சரி, கோர்ட்டுக்குப் போகலாமே' என்று கேட்கத் தோன்றும். அந்தக் கதவை அடைத்துவிட்டுத்தான் சட்டத்தையே எழுதினார்கள். இன்ன கூட்டத்தார் குற்றப் பரம்பரை என்ற அறிவிப்பு செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அறிவிப்பு வந்ததே அது சட்டப்படி வந்தது என்பதற்கு முடிவான அத்தாட்சி. பதிவேட்டில் தன் பெயர் தவறாக ஏறிவிட்டது என்று ஒருவர் நினைத்தால் புகார் செய்யலாம். யாரிடம்? மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம். அந்தக் காலத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் கலெக்டர்தான். பதிவேடு போட வைத்தவரிடமே, பதிவேட்டைப் பற்றிப் போய்ச் சொல்ல வேண்டும்.

இன்றைக்கென்றால் அரசு உத்தரவைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டு ரிட் மனு போடலாம். அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவு உயர் நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. 2004 ஜூலையிலிருந்து ஒத்தக்கடையிலேயே உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது. உசிலம்பட்டிக்காரர் காலையில் பஸ் ஏறினால் கோர்ட் தொடங்கும்முன் போய் நிற்கலாம். 1920-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் சென்னை நகர எல்லையைத் தாண்டி வெளியூர் அதிகாரிகள்மேல் பாயாது என்ற நிலை. அன்றைக்கு மேல்முறையீட்டுக்குக் கடைசி இடமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலும் பிற்பாடு, 1943-இல், அதைத்தான் உறுதி செய்தது. மதுரைக் கலெக்டர் போட்ட உத்தரவைச் சென்னையில் போய் உடைக்க வழியில்லை. அடிப்படை உரிமை என்ற பேச்சே அன்றைக்கு இல்லை.

அப்படியானால் ஜார்ஜ் ஜோசப் என்ன செய்தார்? சட்டத்தைத் தொட முடியாவிட்டால், அதில் மாட்டிய ஆளையாவது காப்பாற்றலாம். அந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போடப்பட்டவர்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடினார். பத்திரிகைகளில் தொடர்ந்து எழுதினார். இரண்டும் சேர்ந்தால்தான் அன்றைக்கு ஒரு வக்கீலின் ஆயுதம் முழுமை. ஒரு சின்ன ஊர் மாஜிஸ்திரேட் முன்னால் ஒரு கள்ளர் நிற்கிறார் என்று வையுங்கள். போலீஸ் சொன்னால் முடிந்தது என்றிருந்த இடத்தில், பாரிஸ்டர் ஒருவர் எழுந்து 'தாக்கீது இவர் கையில் கொடுக்கப்பட்டதா, எப்போது, யார் கொடுத்தார், யார் சாட்சி' என்று கேட்டாலே அந்த அறையின் காற்று மாறும். வழக்கு தோற்றாலும் கேள்வி ஏட்டில் ஏறும். தோற்கிறோம் என்று தெரிந்தே ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்கிற வேலை அது. வக்கீல் தொழிலில் இருப்பவர்களுக்கு அதன் அலுப்பு தெரியும்.

கள்ளர்கள்மேல் ஏன் இந்தச் சட்டம் பாய்ந்தது என்பதற்கும் ஒரு பின்னணி இருக்கிறது. களவே நடக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. கம்பெனி ஆட்சிக்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்தில் காவல் முறை இருந்தது. ஊருக்குக் காவல்காரர் கள்ளர். அதற்கு வருடக் கூலி. மாடு களவு போனால் கண்டுபிடித்துக் கொடுக்கத் துப்புக்கூலி. வெள்ளைக்காரப் போலீஸ் வந்த பிறகு, ஊர்க்காவல் என்பது ஒரு போட்டி அதிகாரமாகத் தெரிந்தது. பிறகு 1896 வாக்கில் திண்டுக்கல் பக்கத்தில் குடியானவர்கள் 'பண்டு' என்று பொதுப் பணம் சேர்த்துக் கள்ளர் காவலை ஒழிக்கக் கிளம்பினார்கள். காவல் கூலி போயிற்று. நிலமோ மானாவாரி. 1895-இல் பெரியாறு அணைத் தண்ணீர் வந்தது. மேலூர்ப் பக்கம் பச்சையானது. உசிலம்பட்டிப் பக்கம் அந்தத் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டு கிராமக் கால்வாய்க்காக அந்த மக்கள் நம் காலம் வரைக்கும் போராடியதை நினைத்துப் பாருங்கள். அந்தத் தாகத்துக்கு நூறு வயதுக்கு மேல். காவலும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று ஆக்கிவிட்டு, மிஞ்சியவர்களிடம் ரேகை கேட்டார்கள்.

அந்த ரேகையைக் கொடுக்க மறுத்த ஊர் பெருங்காமநல்லூர். சேடபட்டிப் பக்கம் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று பதிவு எடுக்க அதிகாரிகளும் ஆயுதப் போலீசும் வந்தார்கள். ஊர் திரண்டு மறுத்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். குண்டுபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் இன்றும் சொல்கிறது. உயிரோடு பிடிபட்டவர்களைச் சங்கிலியில் கோத்துத் திருமங்கலத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அதைப் பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்தோம். பெருங்காமநல்லூரை மதுரையில் படித்த பிள்ளைகளே வெகுகாலம் படிக்கவில்லை.

ஜோசப்பின் மற்ற வேலைகளையும் பார்த்தால்தான், கள்ளர் பக்கம் அவர் நின்றது ஒருநாள் இரக்கத்தில் நடந்ததல்ல என்று தெரியும். 1918-இல் மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் உருவாக அவர் துணை நின்றார். ஹார்வி மில் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்த ஆலைத் தொழிலாளர்களுக்கான சங்கம். கூலி கொஞ்சம் உயர்ந்தது, வேலை நேரம் கொஞ்சம் குறைந்தது. அதே காலத்தில் டாக்டர் வரதராஜுலு நாயுடு விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் பேசியதற்காகக் கைதானார். ரயில் நிலையத்துக்கு எதிரே, ரீகல் தியேட்டர் என்று நாம் சொல்கிற கட்டடம்தான். அந்த வழக்கில் ராஜாஜி வாதாடினார். ஜோசப் கூட இருந்தார். அன்னி பெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் என்கிற தன்னாட்சி இயக்கத்துக்காக இங்கிலாந்து போகக் கப்பல் ஏறியவரை ஜிப்ரால்டரில் தடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். ரௌலட் சட்ட எதிர்ப்பில் மதுரைக்கு அவர்தான் முன்னால் நின்றார்.

அப்புறம் ஒத்துழையாமை வந்தது. நீதிமன்றங்களைப் புறக்கணியுங்கள் என்றார் காந்தி. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை ஜோசப் விட்டார். என்னை மிகவும் யோசிக்க வைக்கிற இடம் இது. கள்ளர்களுக்கு வக்கீல் தேவைப்பட்ட நேரம் அது; நாடு அவரிடம் வக்கீல் தொழிலை விடச் சொன்ன நேரமும் அதுதான். எது பெரியது என்று இன்றைக்கு உட்கார்ந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அலகாபாத் போய் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். ராஜத்துரோகம் என்று சிறை. ஜவஹர்லால் நேருவும் மகாதேவ் தேசாயும் அங்கே சிறைத் தோழர்கள். மனைவி சூசன்னா குழந்தையோடு சபர்மதி ஆசிரமத்தில் இருந்தார். வெளியே வந்ததும் 1923-இல் ராஜாஜிக்குப் பிறகு 'யங் இந்தியா'வின் ஆசிரியர் பொறுப்பு. இதழ்ப் பணி அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருந்தது. பேர்பெற்ற பத்திரிகையாளர் போத்தன் ஜோசப் அவருடைய தம்பி.

1924-இல் வைக்கம். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த சத்தியாகிரகம். முதல்வரிசைத் தலைவர்கள் கைதானதும் ஜோசப் தலைமை ஏற்றார். ஏப்ரல் 6 அன்று காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார்: இது இந்துக்கள் தங்களைத் தாங்களே தூய்மைப்படுத்திக்கொள்ள வேண்டிய காரியம், அவர்களே செய்யட்டும், நீங்கள் விலகி நில்லுங்கள் என்பது சாரம். ஜோசப் விலகவில்லை. தெருவில் நடப்பது மனிதனின் உரிமை, அதற்கு மதம் எதற்கு என்ற பக்கம் அவர் இருந்தார். கைதாகிச் சிறைக்குப் போனார். அந்தக் கைதுகளுக்குப் பிறகுதான் ஈரோட்டிலிருந்து பெரியார் வைக்கம் போய்ச் சேர்ந்தார். 'இது உன் சாதிப் பிரச்சினை இல்லையே, நீ ஏன் வருகிறாய்' என்ற கேள்வி ஜோசப்புக்கு அப்போது புதிதல்ல. உசிலம்பட்டி விஷயத்தில் அதற்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டிருந்தார்.

பிறகு மதுரைக்கே திரும்பி மறுபடி கோட்டை மாட்டினார். காங்கிரசோடு மனவருத்தம் வந்து கொஞ்ச காலம் விலகியிருந்தார், 1935 வாக்கில் திரும்பினார். 1929-இல் சைமன் கமிஷன் மதுரைக்கு வந்தபோது காமராஜரோடு சேர்ந்து பெரிய எதிர்ப்பை நடத்தினார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராஜரைச் சிக்க வைக்கப் பார்த்தார்கள். அந்த வழக்கில் காமராஜருக்காக நின்றவர்கள் வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும். 15 வருடம் முன்னால் குற்றவாளிக் கூண்டில் நின்றவரும் அவருக்குத் துணை நின்ற வக்கீலும், இப்போது ஒரு இளைஞருக்காக ஒரே பக்கத்தில். காமராஜர் விடுதலையானார். அந்த வழக்கு வேறு மாதிரி முடிந்திருந்தால் தமிழ்நாட்டின் கதையே மாறியிருக்கும். மதிய உணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் இந்த வழக்கையும் ஒருமுறை நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

1937-இல் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலித் தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டம் செய்கிற இடத்துக்கே போயாயிற்று. ஆனால் ஒரு வருடம்கூட அங்கே இருக்க விதியில்லை. உடம்பு விட்டுவிட்டது.

ரேகைச் சட்டம் அவரோடு சாகவில்லை. 1924-இல் அதை இன்னொரு முறை திருத்தி இறுக்கியிருந்தார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்து மறவர்கள்மேலும் அது பாய்ந்தபோது பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் எழுந்தார், ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். நீதிமன்றத்தில் தொட முடியாத சட்டத்தைச் சட்டசபையில்தான் உடைக்க முடியும், சட்டசபையை அசைக்க மக்கள் திரள வேண்டும் என்ற பாதை அப்போதுதான் தெளிவானது. ஜோசப் தனி ஆளாகக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் போட்ட தடத்தில் அடுத்த தலைமுறை கூட்டமாக நடந்தது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947 ஜூன் 5 அன்று ஒழிந்தது. ஜோசப் உயிரோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவருக்கு 60 வயது நிறைந்திருக்கும். நாடு முழுக்க அது ஒழிய 1952 ஆகஸ்ட் 31 வரை ஆனது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1948-இலேயே சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் சட்டம் என்று ஒன்று வந்துவிட்டது. சாதியைச் சொல்லாமல் ஆளைச் சொல்கிற சட்டம். வித்தியாசம் பெரிதுதான், தண்டனை பெற்ற தனி மனிதன்மேல்தான் அது பாயும். இருந்தாலும் பழைய பதிவேட்டைப் பார்த்துப் பழகிய கண்கள் ஒரே நாளில் மாறிவிடாது. பதிவேட்டில் இருந்த சமூகங்களுக்கு இப்போது சீர்மரபினர் என்று பெயர். ரேகை எடுத்த அதே 1920-இல் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் தொடங்கிய பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 ஆக வளர்ந்தன. ஒரு கையில் மை, ஒரு கையில் சிலேட்டு. அந்தச் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு மேலே வந்த குடும்பங்கள் ஏராளம். ஆசிரியர்கள், போலீஸ் அதிகாரிகள், வக்கீல்கள் எல்லாரும் அந்தப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கிறார்கள். அடக்குமுறையோடு சேர்ந்து வந்த பள்ளியைப் பிடித்துக்கொண்டு எழுந்தது அந்த மக்களின் சாமர்த்தியம். சட்டத்துக்கு அதில் பெருமை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எந்தச் சாதிக்காரன் கூட்டுவது, எந்தச் சாதிக்காரன் சமைப்பது என்று சில மாநிலச் சிறை விதிகளில் எழுதி வைத்திருந்ததை நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பில் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பற்றியும் நீளமாக ஆராய்ந்திருக்கிறார்கள். சீர்மரபினரைப் பிறவியிலேயே குற்றம் செய்கிறவர்கள் போல நடத்துகிற விதிகள் செல்லாது என்றார்கள். கீழக்குயில்குடியில் முதல் ரேகை விழுந்து 110 வருடம் கழித்து வந்த தீர்ப்பு. 'எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது' என்று எழுதப்பட்டிருந்ததை நாட்டின் உச்ச நீதிமன்றமே உட்கார்ந்து கேள்வி கேட்டது. அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு யானைக்கல் சிலைதான் ஞாபகம் வந்தது. அந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு மேடையே இல்லாத காலத்தில், சின்னச் சின்ன மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதுரை வக்கீல்களில் பொதுவாழ்வுக்கு வந்தவர்கள் வரிசை நீளமானது. 1939 ஜூலை 8 அன்று தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த அ. வைத்தியநாத ஐயரும் இந்த ஊர் வக்கீல்தான். ஜோசப் இறந்து ஒன்றரை வருடத்துக்குள் அது நடந்தது. வைக்கத்தில் தெருவுக்காக நின்ற மனிதர், தன் ஊர்க் கோயில் வாசல் திறந்ததைப் பார்க்காமல் போய்விட்டாரே என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் நினைவிடத்தில் கூட்டம் கூடும். ஜோசப்பை அடக்கம் செய்த இடமும் மதுரையில்தான் இருக்கிறது. அவர் நினைவு நாளான மார்ச் 5 அன்று, அவர் மதம் வேறு என்பதையெல்லாம் பார்க்காமல், கள்ளர் நாட்டு ஊர்களிலிருந்து மாலையோடு வருகிறவர்கள் உண்டு. வருகிறவர்களில் யாராவது ஒருவர் பெயர் ரோசாப்பூ என்றிருந்தால், அவருடைய தாத்தாவின் ரேகை எந்தப் பதிவேட்டில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.